நிறங்களை மனப்பாடம் செய்யும் தொழில்

1967 ஏப்ரல் 8. லிவர்பூலை ஒட்டிய எய்ன்ட்ரீ திடலில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். 44 குதிரைகள், தாண்ட வேண்டிய தடைகள் 30, தூரம் நாலேகால் மைலுக்கும் மேல். 23ஆவது தடை நெருங்கும்போது, ஜாக்கியை முன்பே தள்ளிவிட்டுத் தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்த பாப்பம் டவுன் என்ற குதிரை குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. சில விழுந்தன, சில வந்த வழியே திரும்பி ஓடின. அந்தப் பகுதிக்கு பிபிசி நிறுத்தியிருந்த வர்ணனையாளர் அயர்லாந்தின் மைக்கேல் ஓஹெஹிர். அந்தக் களேபரத்திலும் மாட்டிக்கொண்ட குதிரைகளின் பெயர்களை அவர் கடகடவென்று அடுக்கினார். வெகு பின்னாலிருந்து வந்த ஒரு குதிரை மட்டும் ஓரமாக ஒதுங்கித் தடையைத் தாண்டியதும், அதன் பெயரையும் தயங்காமல் சொன்னார்: ஃபொய்னாவன். ஒன்றுக்கு நூறு என்று பந்தயக்காரர்கள் கைகழுவிவிட்ட குதிரை அது. அதன் பயிற்சியாளரே அன்று அந்தத் திடலில் இல்லை. வொர்ஸ்டரில் வேறொரு குதிரையோடு இருந்தார்.

பந்தயத்துக்கு முன் ஜாக்கிகளின் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, தனக்குப் பிடிபடாத சட்டை ஒன்று ஓஹெஹிரின் கண்ணில் பட்டிருக்கிறது. இது எந்தக் குதிரை என்று அந்த ஜாக்கியிடமே கேட்டு வைத்துக்கொண்டார். அந்த ஒரு கேள்விதான் சில நிமிடங்கள் கழித்து அவர் மானத்தைக் காப்பாற்றியது.

சேப்பாக்கம் ஆட்டங்களை வானொலித் தமிழில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வர்ணனை என்றால் கிரிக்கெட். அதில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே மூச்சு விட நேரம் உண்டு. மைதானத்துப் புறாக்களைப் பற்றிப் பேசலாம், பழைய கதை சொல்லலாம். குதிரைப் பந்தயத்தில் அந்த வசதி கிடையாது. 1,200 மீட்டர் ஓட்டம் சுமார் 70 விநாடியில் முடிந்துவிடும். 14 குதிரைகள் ஓடினால் ஒன்றுக்கு 5 விநாடி. அதற்குள் பெயர், இடம், எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறது, யார் வெளிப்புறமாக முன்னேறுகிறார் எல்லாம் வந்தாக வேண்டும். மெல்போர்ன் கோப்பையில் 24 குதிரைகள் வரை இறங்கும். 3,200 மீட்டரை மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்துவிடும்.

குதிரையின் முகத்தைப் பார்த்து எந்த வர்ணனையாளரும் அடையாளம் சொல்வதில்லை. முக்கால் கிலோமீட்டர் தொலைவில் எல்லாமே பழுப்புதான். அவர் பார்ப்பது ஜாக்கியின் சட்டையை. ஒவ்வொரு குதிரை உரிமையாளரும் தனக்கென்று ஒரு நிற அமைப்பைப் பதிவு செய்திருப்பார்: மஞ்சள் உடல், கறுப்புக் கை, சிவப்புத் தொப்பி என்பது போல. கோடு, வளையம், நட்சத்திரம், வைரக் கட்டம் என்று வடிவங்களும் சேரும். ஒரே உரிமையாளருக்கு இரண்டு குதிரைகள் ஓடினால் சட்டை ஒன்றாகவே இருக்கும், தொப்பி மட்டும் மாறும். தலைவலி அங்கேதான்.

ஆகவே, பந்தய நாளின் முந்தின இரவே வேலை தொடங்கிவிடுகிறது. கலர் பேனாக்களை வைத்துக்கொண்டு ரேஸ் புக்கில் சட்டைகளை வரைந்து நிறம் தீட்டுவது பலருடைய பழக்கம். திடலில் குதிரைகள் வலம் வரும்போதும், தொடக்கக் கோட்டை நோக்கி நடக்கும்போதும், பைனாகுலரில் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறத்தையும் பெயரையும் வாய்க்குள் முணுமுணுத்துக் கோத்துக்கொள்வார்கள். பந்தயம் முடிந்ததும் அத்தனையையும் மறந்துவிட வேண்டும். அரை மணியில் அடுத்த பந்தயம். அதே மஞ்சள் சட்டை இப்போது வேறொரு குதிரையின் மேல் இருக்கும். நினைவாற்றல் இந்தத் தொழிலுக்கு அவசியம் என்று எல்லோரும் சொல்வார்கள். சிலேட்டைத் துடைப்பது போல மறக்கத் தெரிவதும் அதே அளவு அவசியம் என்பேன்.

மழை பெய்தால் சேறு தெறித்து எல்லாச் சட்டையும் ஒரே நிறமாகிவிடும். அப்போது குதிரையின் மூக்குப் பட்டை, கண்மறைப்பு, நெற்றி வெள்ளை, ஜாக்கி குனிந்து உட்காரும் தினுசு என்று வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். வர்ணனை அறை முடிவுக் கம்பத்துக்கு நேர் எதிரே அமைந்திருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்தால் பார்வைக் கோணம் ஏமாற்றும். பின்னால் இருக்கும் குதிரை முன்னால் தெரியும். எனவே நெருக்கமான முடிவில் அனுபவசாலிகள் "போட்டோ!" (படத்தைப் பார்த்துத்தான் முடிவு) என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். வென்றது யார் என்று அடித்துச் சொல்லித் தவறிப்போனால், கையிலிருந்த சீட்டைக் கிழித்து எறிந்தவர்கள் சும்மா விடுவார்களா?

அமெரிக்க வானொலியில் பெரும் பெயர் பெற்றிருந்த க்ளெம் மெக்கார்த்தி 1947 ப்ரீக்னஸ் பந்தயத்தில் ஃபால்ட்லெஸ் என்ற குதிரையை ஜெட் பைலட் என்று நினைத்து, அதையே வெற்றியாளராக நாடு முழுக்க அறிவித்தார். கூட்டம் நின்ற ஒரு மேடை சில கணங்கள் பார்வையை மறைத்திருந்தது. மறைப்பு நீங்கியபோது அவர் பிடித்துக்கொண்ட சட்டை வேறு குதிரையுடையது. ஃபால்ட்லெஸ் என்ற பெயரோ 'குறையற்றது' என்று பொருள்படும். விதிக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு போலும்.

பெயர்கள் தனிச் சோதனை. 2010இல் நியூ ஜெர்சியின் மான்மத் பார்க்கில் 'மை வைஃப் நோஸ் எவ்ரிதிங்', 'தி வைஃப் டஸன்ட் நோ' என்று இரண்டு குதிரைகள் கடைசி நேர்ப்பாதையில் கழுத்தோடு கழுத்தாக ஓடின. 'மனைவிக்கு எல்லாம் தெரியும்', 'மனைவிக்குத் தெரியாது'. வர்ணனையாளர் லாரி கால்மஸ் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் குரல் உச்சத்துக்குப் போனதை இன்றும் இணையத்தில் கேட்கலாம். எல்லாம் தெரிந்த மனைவிதான் ஜெயித்தாள்.

இனி பணத்துக்கு வருவோம். இந்தக் குரலுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? பந்தயம் கட்டுகிறவர்களிடமிருந்து. அதை அம்பலமாக்கியது சிட்னியில் நடந்த ஒரு வழக்கு. விக்டோரியா பார்க் என்ற திடலுக்கு எதிரே குடியிருந்த டெய்லர் என்பவர் தன் வீட்டு முற்றத்தில் உயரமான மேடை ஒன்றைக் கட்டினார். அதன்மேல் ஏறி நின்று சிரில் ஆங்கிள்ஸ் என்ற வர்ணனையாளர் பந்தயத்தை வானொலியில் ஒலிபரப்பினார். வீட்டிலிருந்தே கேட்டுப் பந்தயம் கட்ட முடிந்ததால் திடலுக்கு வரும் கூட்டம் குறைந்தது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1937இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் டெய்லர் பக்கம் தீர்ப்பளித்தது: கண்ணுக்குத் தெரியும் காட்சிக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது, மறைக்க வேண்டுமானால் வேலியை உயர்த்திக்கொள்ளுங்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு அது. ஒரு வர்ணனையாளரின் குரல் ஒரு திடலின் வசூலையே அசைத்துவிடும் என்பதும் அன்றே பதிவாகிவிட்டது.

ஆனால் அந்தக் குரலுக்கு உரியவருக்கு அந்த விகிதத்தில் கிடைத்ததில்லை. பிரிட்டனில் 59 திடல்கள், ஆண்டுக்குச் சுமார் 1,450 பந்தய நாள்கள். வர்ணனையாளர்கள் ஒரு சிறு குழு. அவர்கள் நாள் கணக்கில் ஊதியம் பெறுகிறவர்கள், மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. 15 பேர் பங்கிட்டுக்கொண்டாலே தலைக்கு நூறு நாளுக்கும் குறைவு. இன்று ஸ்காட்லாந்து, நாளை தென்கடற்கரை என்று நாடு முழுக்கக் கார் ஓட்டும் அலுப்பு தனி. யாராவது ஓய்வு பெற்றால்தான் புதியவருக்கு இடம். அவர்களோ எளிதில் ஓய்வு பெறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரெக் மைல்ஸ் 36 மெல்போர்ன் கோப்பைகளை வர்ணித்தார். அமெரிக்காவில் ஏற்பாடு வேறு: திடலுக்கு ஒருவர், பருவம் முழுக்க ஒரே குரல். பெரிய திடல் கிடைத்தவருக்கு நல்ல வாழ்க்கை. சிறிய திடலில் இருப்பவர் பத்திரிகைக் குறிப்பு எழுதுவது முதல் விளம்பர வேலை வரை சேர்த்துச் செய்தால்தான் கணக்கு நேராகும்.

உச்சத்தில் இருந்தவர்களும் இன்னொரு வேலையை விட்டுவிடவில்லை. பிரிட்டிஷ் பந்தயத்தின் குரல் என்றே அழைக்கப்பட்ட சர் பீட்டர் ஓசல்லிவன் 50 கிராண்ட் நேஷனல்களை வர்ணித்தவர். 1950 முதல் 1986 வரை டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் பந்தயச் செய்தியாளராகவும் இருந்தார். குதிரைகளும் வைத்திருந்தார். 1974இல் ட்ரையம்ஃப் ஹர்டில் பந்தயத்தில் அவருடைய அட்டிவோ வென்றபோது வர்ணித்ததும் அவர்தான். குரல் கொஞ்சமும் பிசகாமல், உரிமையாளர் பீட்டர் ஓசல்லிவன் என்று யாரோ ஒருவரைச் சொல்வது போலச் சொல்லி முடித்தார். ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தின் குரலான மர்ரி வாக்கர் கதை இன்னும் விசித்திரம். 1940களின் கடைசியிலேயே மைக் பிடித்தவர், 59 வயது வரை ஒரு விளம்பர நிறுவனத்தில் முழுநேர ஊழியர். உலகம் அறிந்த அந்தக் குரல் பெரும்பாலும் வார இறுதி வேலையாகத்தான் இருந்தது.

பணம் வந்தாலும் படபடப்பு போகாது. நியூயார்க்கின் டாம் டர்கின் அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயங்களைத் தொலைக்காட்சியில் வர்ணித்தவர். மூச்சுப் பயிற்சி, மனோவசியம் வரை முயன்று பார்த்தும் பதற்றம் தணியாமல், 2011இல் கென்டக்கி டெர்பி வாய்ப்பையே வேண்டாமென்று சொல்லிவிட்டார். திடல் வேலையைத் தொடர்ந்தார், கோடிக்கணக்கானோர் கேட்கும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்தவர் எடுத்த முடிவு.

இதற்குப் பிறகும் ஆசைப்படுகிறவர் பிரிட்டனில் இருந்தால் நாய்ப் பந்தயத்தில் தொடங்கலாம். கிரேஹவுண்டு பந்தயத்தில் ஆறே நாய்கள். சட்டை நிறம் உரிமையாளரைப் பொறுத்து மாறாது. கூண்டு எண்ணைப் பொறுத்தது: 1 சிவப்பு, 2 நீலம், 3 வெள்ளை, 4 கறுப்பு, 5 ஆரஞ்சு, 6 கறுப்பு வெள்ளைக் கோடு. பெயர்கள் மட்டும்தான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிது, ஓட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், கூலியும் அதற்கேற்பத்தான். அங்கே நாக்குப் பழகியவர்கள் அடுத்துக் கிராமப்புற வயல்வெளிகளில் அமெச்சூர் ஜாக்கிகள் ஓட்டும் தடைப் பந்தயங்களுக்குப் போவார்கள். அங்கே நிறங்கள் மாறத் தொடங்கும்.