செங்கல் அறுத்தவர்களின் திருநாள்

ஈஸ்டர் என்றதும் வண்ணம் பூசிய முட்டையும் முயல் பொம்மையும் நினைவுக்கு வரும் அளவுக்குக் கடைத்தெரு அந்தத் திருநாளின் உருவத்தை மாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அதன் வேரைத் தோண்டிப் பார்ப்போமானால், அங்கே முட்டையும் இல்லை, முயலும் இல்லை. சேறு மிதித்து, செங்கல் அறுத்து, சாட்டையடி பட்ட அடிமைகள் இருக்கிறார்கள்! திருவள்ளூர் மாவட்டத்து மக்கள் அறிய வேண்டிய வரலாறு இது என்று கருதுகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘ஈஸ்டர்’ என்பது ஆங்கிலேயர் வழங்கும் பெயர். இயோஸ்டர் என்றொரு தேவதையின் பெயரால் அமைந்த மாதத்திலிருந்து அது வந்தது என்று பீட் என்னும் துறவி 8-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அவரைத் தவிர அதற்குப் பழைய சான்று வேறில்லை. ஆனால் கிரேக்கர், பிரெஞ்சுக்காரர், ஸ்பெயின் நாட்டார், ரஷ்யர் ஆகியோர் வழங்கும் பெயர்கள் எல்லாம் ‘பெசாக்’ என்ற எபிரேயச் சொல்லின் வழிவந்தவை. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘பாஸ்கா’வும் அதுவேதான்.

பெசாக் எதைக் கொண்டாடுகிறது? எகிப்து மன்னன் இஸ்ரவேல் மக்களை அடிமைகளாக்கிச் செங்கல் வேலையில் வதைத்தான். விடுதலை கேட்டவர்களுக்கு அவன் தந்த பதில் என்ன தெரியுமா? செங்கல்லுக்குக் கலக்கும் வைக்கோலைத் தராதே, அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், ஆனால் கல்லின் கணக்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது என்றான். அந்த மக்கள் ஓர் இரவில் புளிப்பில்லா அப்பத்தை அவசரமாக உண்டு புறப்பட்டார்கள் என்கிறது விவிலியம். முன்பு ‘யாத்திராகமம்’ என்றிருந்த அந்த நூலுக்குப் பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பு ‘விடுதலைப் பயணம்’ என்றே பெயர் சூட்டியிருக்கிறது. பொருத்தமான பெயர்!

அந்தப் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்ற நேரத்திலேதான் இயேசு பிடிபட்டார். ரோம ஆளுநன் பிலாத்துவின் ஆணைப்படி சிலுவையில் அறையப்பட்டார். மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அடிமைகள் விடுதலை பெற்ற விழா, சாவிலிருந்து விடுதலை பெற்ற விழாவாகவும் ஆயிற்று.

எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் நெடுநாள் பூசல் இருந்தது. 325-இல் கூடிய நைசியா சங்கம், எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டுமென முடிவு செய்தது. மார்ச் 21-ஐ ஒட்டியோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது நிலைபெற்ற கணக்கு. எனவே மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் திருநாள் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் பங்குனி உத்திரமும் பெரும்பாலும் இதே நிலவை ஒட்டியே வருகிறது. 2024-இல் மார்ச் 25 பங்குனி உத்திரம். மார்ச் 31 ஈஸ்டர்.

முட்டை வந்த கதையும் எளிது. நாற்பது நாள் தவக்காலத்தில் முட்டை உண்ணலாகாது என்ற விதி ஐரோப்பாவில் இருந்தது. விதி கோழிக்குத் தெரியுமா? அது இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்த முட்டைகள் திருநாளில் விருந்தாயின. முயல், ஜெர்மானியர் சேர்த்த பிற்காலச் சரக்கு.

நம் பக்கத்து வழக்கம் வேறு. போர்த்துகீசியர் வந்திறங்கிய பழவேற்காட்டில் 1515-இல் எழுந்ததாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழனன்று குருவானவர் குனிந்து பிறர் பாதம் கழுவுவார். பெரிய வெள்ளியன்று மணி ஒலிக்காது. சனி இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி இருளுக்குள் கொண்டு வருவார்கள். ஒரு திரியிலிருந்து நூறு திரிக்கு ஒளி பரவும்.

அந்த ஒளி எட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாஸ்கா வரும் பங்குனி, சித்திரை மாதங்களே இம்மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் வேலை மும்முரமாக நடக்கும் காலம். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பகுதிகளிலிருந்து முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். கடன் தீரும்வரை ஊர் திரும்ப வழியில்லை என்ற நிலை பலருக்கு. 2011-இலும் 2015-இலும் இம்மாவட்டச் சூளைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்! கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது குற்றம். அந்தக் கடனே செல்லாது என்கிறது அச்சட்டம்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. சூளைக்கு அது நடந்து போக வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியர் வேலைக் காலம் தொடங்கும்போதே சூளைகளைப் பார்க்கட்டும். முன்பணக் கணக்கைத் தொழிலாளியின் மொழியிலேயே எழுதித் தரச் செய்யட்டும். மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்றிதழ் தாமதமின்றிச் சேரட்டும். கும்மிடிப்பூண்டி ஆலைகளின் தொழிற்சங்கத் தோழர்கள் சூளைத் தொழிலாளரையும் தம்மவராக எண்ணிச் சென்று பார்க்கட்டும்.

மதம் எதுவாயினும், மதமே வேண்டாமென்பவராயினும், செங்கல் அறுத்தவன் நிமிர்ந்து நடந்த கதையை யாரே வெறுப்பர்? திருநாள் வாழ்த்து சொல்லும் வாய், சூளையில் நிற்பவனின் விடுதலைக்காகவும் பேசட்டும். அதுவே பாஸ்காவுக்குச் செய்யும் உண்மையான சிறப்பு.