செருப்புக்கு எவ்வளவு 'குட்வில்'?

இத்தாலியின் மிலான் நகரில் 2025 ஜூனில் பிராடா கம்பெனியின் ஃபேஷன் ஷோ. மாடல்களின் காலில் அச்சு அசலாகக் கோலாப்பூர் செருப்பு! கம்பெனி சொன்ன பெயரோ வெறும் 'தோல் செருப்பு'.

'2019-லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சே, கேஸ் போடலாமே?' என்பீர்கள். அங்கேதான் சார் இடிக்கிறது! குறியீடு காவல் காப்பது பெயரைத்தான். பெயரை விட்டுவிட்டுச் செருப்பின் ஜாடையை மட்டும் தூக்கினால்?

ரகளை கிளம்பியதும் பிராடா பூர்வீகத்தை ஒப்புக்கொண்டது. டிசம்பரில், நம்ம தொழிலாளர்களை வைத்தே 2,000 ஜோடி செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்போவதாக அறிவிப்பு! நம்ம காசில் முக்கால் லட்சத்துக்கு மேல். கோலாப்பூர் கடைத்தெருவில் ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும்.

இந்த வித்தியாசத்தை வரவழைக்கும் நற்பெயருக்கு காமர்ஸ் பாடத்தில் 'குட்வில்' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அதைச் சம்பாதித்தவர் செருப்புத் தொழிலாளி. வரவு மட்டும் யார் பேரில்?