மண் தொடாத வேர்கள்

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக்காடுகளில், மண்ணையே தொடாமல் மரக்கிளைகளில் வாழும் செடிகள் உண்டு. ஆர்க்கிட் செடிகளும் சிலவகைப் பெரணிகளுமான இவற்றைத் தாவரவியலார் தொற்றுத்தாவரங்கள் என்பர்.

இவை புல்லுருவிகள் அல்ல. புல்லுருவி மரத்தினுள் வேர்விட்டு அதன் நீரை உறிஞ்சும். இவையோ மரத்திடம் இடம் மட்டுமே பெறுகின்றன. நீரை மழையிலிருந்தே தேடிக்கொள்கின்றன.

மழை நின்றால் கிளை விரைவில் காய்ந்துவிடும். அந்த வறட்சியை இவை எவ்வாறு தாங்குகின்றன? ஆர்க்கிட் வேரைச் சுற்றி 'வெலாமன்' எனும் உயிரற்ற செல்களாலான உறை உள்ளது. மழைத்துளி பட்டதும் அது பஞ்சுபோல் நீரை ஈர்க்கும். பருத்த தண்டும் தடித்த இலையும் அந்நீரைச் சேமிக்கும். பல இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. குளிர்ந்த இரவில் அவற்றைத் திறந்து, கரியமில வாயுவை ஏற்று, அமிலமாக வைத்திருந்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றன. இதனால் நீரிழப்பு பெரிதும் குறைகிறது. முடவாட்டுக்கால் எனும் பெரணியோ கோடையில் பச்சை இலைகளை உதிர்த்துவிடும். ரோமம் போர்த்திய கிழங்குடன் மழைக்குக் காத்திருக்கும்.

எனினும், தாங்கும் கிளை நிற்கும்வரையே இவ்வாழ்வு. முதுமரத்தை வெட்டினால், அதன்மேல் குடியிருக்கும் இச்செடிகளும் அழியும். 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இக்காட்டின் பெரும்பகுதிக்கு அரணாக உள்ளது. நம் தோட்டத்து மரங்களுக்கு நாமே அரண். புல்லுருவி என்றெண்ணி இவற்றைப் பறித்தெறியாதீர்கள்.

கொட்டும் மழையிலும் துளியைச் சேமிக்கின்றன இச்செடிகள். வற்றாத ஆற்றின் கரையில் வாழும் நாம், நீரை எவ்வாறு செலவிடுகிறோம் என்பதைச் சிந்திப்போமாக!