கேம்பர்வேனா, வாடகைக் காரா? நியூஸிலாந்தின் தென் தீவைச் சுற்ற நினைப்பவர்களுக்கு

நியூஸிலாந்தின் தென் தீவைச் சாலை வழியாகவே சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்து, விமானச் சீட்டும் வாங்கிவிட்ட குடும்பங்களில் அடுத்தபடியாக எழுகிற தர்க்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளேயே அமைந்த கேம்பர்வேனை வாடகைக்கு எடுப்பதா, அல்லது சாதாரணக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஊர் அறை பிடித்துத் தங்குவதா என்பது. சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் நம்மவர்களுக்குப் பெரிய தடையில்லை. அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன; ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய ஓட்டுநர் உரிமம் சுற்றுலாப் பிரயாணிக்குச் செல்லுபடியாகும்; வாடகைக்குக் கிடைக்கும் கேம்பர்வேன்களில் ஏறக்குறைய எல்லாமே கார் உரிமத்தின் வரம்புக்குள் அடங்கியவை. ஆகையால் விவகாரம் செலவையும் சௌகரியத்தையும் பிரயாணியின் சுபாவத்தையும் பொறுத்ததாக நிற்கிறது.

வண்டி வாடகையும் விடுதி வாடகையும் ஒன்றாகிவிடுவதால் கேம்பர்வேன்தான் சிக்கனம் என்று சொல்வோர் பலர். காகிதத்தில் கணக்குப் போடும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் கேம்பர்வேனின் தின வாடகை சிறிய காரின் வாடகையைப் போலப் பன்மடங்கு என்பதும், அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள கோடையில் அது ஜூன், ஜூலை மாதத்து வாடகையைவிட எத்தனையோ உயர்ந்துவிடுகிறது என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை. சிறிய கார் 100 கி.மீ.க்கு 7 அல்லது 8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் சாலையில், நின்றபடி நடமாடக்கூடிய உயரமுள்ள கேம்பர்வேன் 10 முதல் 13 லிட்டர் டீசல் கேட்கும். அந்நாட்டில் பெட்ரோலின் விலைக்குள்ளேயே சாலை வரி அடங்கியிருக்க, டீசல் விலையில் அது கிடையாது. அதற்குப் பதிலாக டீசல் வாகனங்கள் ஓடிய தூரத்துக்குத் தனி வரி செலுத்த வேண்டும். எடை குறைந்த வண்டிகளுக்கு அண்மை ஆண்டுகளில் இது 1,000 கி.மீ.க்கு 76 நியூஸிலாந்து டாலர். ஆக, தீவை ஒரு வட்டமாக 2,000 கி.மீ. சுற்றி வந்தால், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் மேஜையில் 152 டாலர் தனியாக எழுதப்படும். பம்பில் டீசல் விலை குறைவாக இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டவர்கள் இங்கே வந்து நிற்பதைப் பார்க்கலாம். இவற்றோடு, மின்சார இணைப்புள்ள இடத்தில் இரவு நிறுத்துவதற்கான கட்டணமும், விபத்து நேர்ந்தால் நாம் ஏற்க வேண்டிய தொகையைக் குறைப்பதற்கான தினசரிக் காப்புக் கட்டணமும் சேர்ந்தபின் பார்த்தால், இருவர் மட்டும் செல்லும் பிரயாணத்தில் காரும் மோட்டெலும் பெரும்பாலும் சமமாகவோ சற்றுக் குறைவாகவோதான் வந்து நிற்கும் என்பது என் அபிப்பிராயம். மோட்டெலில் இரண்டு அறை எடுக்க வேண்டிய அளவுக்குக் குடும்பம் பெரியதானால் தராசு மறுபக்கம் சாயத் தொடங்கும்.

எனவே பணத்தைச் சிறிது ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த இரண்டு வாகனங்களும் பிரயாணியின் பொழுதை என்ன செய்கின்றன என்று கேட்பதே உசிதம். கேம்பர்வேன் இரவைப் பற்றிய கவலையைக் குறைத்துப் பகலின்மேல் பாரத்தை ஏற்றுகிறது. கார் பகலை இலேசாக்கிவிட்டு, இன்ன இரவு இன்ன ஊரில் இன்ன அறையில் என்று பல மாதங்களுக்கு முன்பே கட்டிவைத்துவிடுகிறது. ஆகவே நாம் போக விரும்பும் இடங்களின் விசேஷம் அந்தியிலும் அதிகாலையிலும் இருக்கிறதா, நடுப்பகலில் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தர்க்கம் தீர்ந்துபோகும்.

மில்ஃபோர்டு சவுண்டு என்ற கடற்கழி இதற்கு மிகச் சிறந்த உதாரணம். டே ஆனாவ் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. நீளும் சாலை ஒன்று, 1954-இல் திறக்கப்பட்ட 1.2 கி.மீ. நீளமுள்ள ஹோமர் குகைப் பாதையைக் கடந்து அங்கே போய் முடிகிறது; அதற்கப்பால் சாலையே இல்லை. கடற்கழியின் முனையில் தங்கும் இடம் மிகச் சொற்பம். குவீன்ஸ்டவுனிலிருந்து பார்த்துவர நினைப்பவர்கள் ஒரு வழிக்கு 290 கி.மீ. வீதம் நாள் முழுவதும் சாலையிலேயே கழிக்க நேருகிறது. அவர்களை ஏற்றிவரும் பஸ்களெல்லாம் நடுப்பகலை ஒட்டி ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், மலைச்சுவர்களுக்கு நடுவே நிசப்தமாக இருக்க வேண்டிய அந்த நீர்ப்பரப்பு திருவிழாக் கூட்டம் கண்டுவிடுகிறது. இதே சாலையில், டே ஆனாவுக்கும் கடற்கழிக்கும் நடுவே, காஸ்கேட் கிரீக் என்னும் இடத்தில் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ஒரு முகாம் வைத்திருக்கிறது. இரவு அங்கே வண்டியை நிறுத்தி உறங்கியவர், ஒரு மணி நேரத்துக்குள் முதல் படகின் துறையில் போய் நிற்கலாம். ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சென்னையின் மழையைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமாக, மழை பொழிகிற பிரதேசம் அது என்பதையும் சேர்த்து யோசித்தால், கூடாரத்துக்கும் தகரக் கூரைக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும். அங்குள்ள ஈக்குஞ்சு போன்ற கடிப்பூச்சிகளுக்குக் கதவை மூடிக்கொள்வதைத் தவிர வேறு பரிகாரமும் இல்லை.

3,724 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆவோராக்கி என்ற மவுண்ட் குக் சிகரத்தின் அடிவாரத்திலும் இதே நியாயம்தான். அங்குள்ள கிராமத்தில் ஹோட்டல் அறைகள் சிலவே. கோடையில் அவற்றின் விலையும் மலையோடு போட்டி போடும். வைட் ஹார்ஸ் ஹில் முகாமிலோ, ஹூக்கர் பள்ளத்தாக்குக்கு நடந்து போகும் பாதை புறப்படுகிற இடத்திலேயே வாகனத்தை நிறுத்திப் படுக்கலாம். சுற்றியுள்ள மக்கென்ஸி பிரதேசம் 2012-இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அங்கீகரிக்கப்பட்டது. தெருவிளக்கு இல்லாத வானத்தை நள்ளிரவில் கதவைத் திறந்து பார்ப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஆனால் தென் தீவு முழுவதும் மில்ஃபோர்டும் மவுண்ட் குக்குமாகவே இருந்துவிடவில்லை. டனீடனின் செங்குத்தான தெருக்கள், ஆக்கரோவாவுக்குப் போகும் வளைவுகள், மார்ல்பரோவின் திராட்சைத் தோட்டங்கள், வானகாவையும் குவீன்ஸ்டவுனையும் இணைக்கிற, நாட்டின் பிரதான சாலைகளில் மிக உயரமானதான கிரௌன் ரேஞ்ச் சாலை ஆகிய இவையெல்லாம் பகற்பொழுதுக்கு உரியவை. நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த சந்தில் திரும்புவதற்கு ஏற்றவை. குவீன்ஸ்டவுன் நகரத்தின் நடுவில் ஏழு மீட்டர் நீளமுள்ள வண்டிக்கு இடம் தேடியவர்களுக்குத்தான் காரின் மகிமை தெரியும். கேம்பர்வேனில் போகிறவர் கடைக்குப் போக வேண்டுமானாலும் வீட்டையே கட்டி எழுப்பிக்கொண்டுதான் போக வேண்டும்: பாத்திரங்களை அடக்கி, மின்கம்பியைக் கழற்றி, வாயு உருளையை மூடி, அலமாரித் தாழ்ப்பாளைச் சரிபார்த்த பிறகுதான் சக்கரம் நகரலாம்.

சாலையில் மற்றொரு வேறுபாடும் உண்டு. திறந்த சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. வரம்பானால், மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 90 கி.மீ.தான். அங்குள்ள சாலைகளில் பெரும்பாலானவை போக ஒரு தடம், வர ஒரு தடம் கொண்டவை. மேற்குக் கரையில் ஒரே வண்டி மட்டும் செல்லக்கூடிய பாலங்கள் பல. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவது அந்நாட்டில் மரியாதை மட்டுமல்ல, எதிர்பார்க்கப்படுகிற கடமை. கான்டர்பரிச் சமவெளியில் வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று, உயர்ந்த பக்கங்களையுடைய வண்டியைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். வரைபடம் சொல்லும் நேரத்தை அப்படியே நம்பாமல் நான்கில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளையும் படிக்க வேண்டும்: கூரையிலும் அடிப்பாகத்திலும் நேரும் சேதத்துக்குக் காப்பு இல்லை என்பது பல ஒப்பந்தங்களில் உண்டு, குவீன்ஸ்டவுனை அடுத்த ஸ்கிப்பர்ஸ் சாலையில் போனால் காரானாலும் கேம்பர்வேனானாலும் காப்பு ரத்து என்பது வழக்கமான நிபந்தனை.

கேம்பர்வேனின்மேல் ஆசை கொள்வோரில் பெரும்பாலோர், ஏரிக்கரை எதிலும் இலவசமாக நிறுத்தி உறங்கலாம் என்ற எண்ணத்தாலேயே ஆசை கொள்கிறார்கள். இது பழைய கதை. உலக ரக்பிப் போட்டி நடந்த 2011-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. எந்தெந்த இடத்தில் தங்கலாகாது என்று விதி வகுக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு அது அதிகாரம் தந்தது. ‘தன்னிறைவு வாகனம்’ என்ற நீல ஒட்டு ஒட்டிக்கொண்டால் போதும் என்ற நிலை அதற்குப் பின்னும் சில காலம் இருந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு சிறு கழிப்பெட்டியை வைத்துவிட்டு, அதைத் திறந்தும் பார்க்காத வண்டிகளெல்லாம் அந்த ஒட்டோடு உலவின. கரையோரப் புதர்கள் அதன் விளைவை அனுபவித்தன. 2023-இல் வந்த திருத்தச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உள்ளாட்சி நிலத்தில் இலவசமாகத் தங்க வேண்டுமானால், அந்த மன்றம் விலக்களித்த இடங்களைத் தவிர, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்குரிய பச்சைச் சான்றும் இருக்க வேண்டும். விதி மீறினால் அபராதம் 400 டாலரிலிருந்து தொடங்குகிறது. ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு நல்ல தண்ணீரும், அதே அளவு கழிவுநீரைத் தேக்க இடமும் வேண்டும் என்பது அந்நாட்டின் தர விதி. நான்கு லிட்டரில் குடித்து, சமைத்து, பாத்திரமும் கழுவ வேண்டும் என்றால், குளியலைப் பற்றி நாம் என்ன நினைக்க முடியும்?

நேர்மாறாக, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் வாகனம் எட்டக்கூடியவையே இருநூற்றுக்கு மேல் உண்டு. அவற்றில் கணிசமானவை சொந்தக் கழிப்பறை வசதி கொண்டவை. காரில் ஒரு கூடாரத்தை வைத்துக்கொண்டு வருகிறவரும் அங்கே தங்கலாம். மழைக்கு அஞ்சாத இளைஞர்களுக்கு இந்த மூன்றாவது வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

கழிப்பெட்டியைச் சுத்தம் செய்வதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, அதற்கென்று ஊர்தோறும் ஏற்படுத்தியிருக்கும் கொட்டுமிடத்துக்குப் போய், பெட்டியை உருவி எடுத்து, கவிழ்த்து, அலசி, மருந்துநீர் ஊற்றித் திரும்பவும் பொருத்த வேண்டும். வீட்டில் இவ்வேலையைக் கனவிலும் செய்யாதவர்கள் யாத்திரையின் நடுவில் யார் செய்வது என்று முகத்தைப் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாக, புறப்படும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது குடும்ப சமாதானத்துக்கு நல்லது.

ஆகார விஷயத்தில் கேம்பர்வேனே கதி என்று நம்மவர்கள், முக்கியமாகச் சைவ உணவுக்காரர்கள், நினைப்பதுண்டு. ஆனால் நியூஸிலாந்தின் மோட்டெல்களில் அடுப்பும் பாத்திரமும் குளிர்பெட்டியும் உள்ள அறைகள் சர்வசாதாரணம். ஹாலிடே பார்க் எனப்படும் தங்குமிடங்களின் சிறு குடில்களில் தங்குவோருக்குப் பொதுச் சமையலறையும் உண்டு. ஆகவே ரசமும் சாதமும் வேண்டுமென்பதற்காக மட்டும் பெரிய வண்டியை எடுக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து பொடி வகைகளோ ஊறுகாயோ கொண்டுபோனால் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் அறிவித்துவிட வேண்டும். மறைத்தோ மறந்தோ வந்தால் அங்கும் அதே 400 டாலர் அபராதம் உடனடியாக விழும்.

குழந்தைகளோடு செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழு வயது நிறையாதவர்களைத் தகுந்த குழந்தை இருக்கையில்தான் அமர்த்த வேண்டும் என்பது சட்டம். கேம்பர்வேனின் பின்னிருக்கைகள் எல்லாவற்றிலும் அதைப் பொருத்த முடியாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை ஏணி வைத்து ஏறும் மேல்படுக்கைக்கு அனுப்புவதும் முடியாத காரியம்.

இரண்டுக்கும் நடுவே, பழைய குடும்ப வேனின் பின்பக்கத்தில் மெத்தை விரித்த சிறு வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். நிற்க உயரமில்லை, நிலையான கழிப்பறை பெரும்பாலும் இல்லை, ஆகவே இலவச இடமும் பெரும்பாலும் இல்லை. பூராவும் மழை பெய்யும் நாளில் இருவர் குனிந்தபடி சாமான்களை முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்குமாக மாற்றிக்கொண்டிருக்கும் இந்த இரண்டுங்கெட்டான் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பதினைந்து நாள் அவகாசமுள்ளவர்கள் ஒரே வாகனத்தோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தமும் கிடையாது. குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு, மவுண்ட் குக் பக்கத்துக்கு மட்டும் ஐந்தாறு நாள் கேம்பர்வேன், மற்ற ஊர்களுக்குக் கார் என்று பிரித்துக்கொள்ளலாம். வட தீவுக்கும் போகிறவர்கள், பிக்டனிலிருந்து வெலிங்டனுக்கு மூன்றரை மணி நேரம் செல்லும் கப்பலில் வண்டியின் நீளத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கார் நிறுவனங்கள் சில, ஒரு கரையில் காரை விட்டுவிட்டு மறுகரையில் வேறொன்றை எடுத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. சுற்றுலாப் பிரயாணிகளில் அநேகர் ஆக்லாந்தில் தொடங்கித் தெற்கே வந்து முடிப்பதால், கோடை கழியும் மார்ச், ஏப்ரலில் கேம்பர்வேன்கள் கிறைஸ்ட்சர்ச்சிலும் குவீன்ஸ்டவுனிலும் குவிந்துவிடும். அவற்றை வடக்கே ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் வாடகைக்குக்கூட நிறுவனங்கள் தருவதுண்டு. சில நிறுவனங்கள் எரிபொருளும் கப்பல் கட்டணமும் கொடுக்கும். நாட்கள் சொற்பம், பாதையில் திரும்பித் திரும்பிப் பார்க்க நேரமிராது. ஆயினும் கேம்பர்வேன் வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்று சந்தேகப்படுகிறவர்கள், கழிப்பெட்டி உட்பட எல்லாவற்றையும் குறைந்த செலவில் பரீட்சித்துப் பார்க்க அது போதும்.