உடன்பிறந்தார் என்னும் சொல்

'சகோதரர்' என்பதிலுள்ள உதரமும், 'உடன்பிறந்தார்' என்பதிலுள்ள உடனும், நம் உடப்புசல்லாவையின் 'உட'வும் ஒன்றோ என மாணவனொருவன் வினவினான். நல்ல வினா. ஒலியால் ஒத்தவை யாவும் ஓரினமாகா என்பதே விடை.

ஊர்ப்பெயரின் 'உட' மேல் எனப் பொருள்படும் சிங்களச் சொல். 'சகோதரர்' வடசொல். 'சஹ' என்பதன் ஈற்று அகரமும் 'உதரம்' என்பதன் முதல் உகரமும் குணசந்தியால் ஓகாரமாயின. உதரம் வயிறு, எனவே, ஒரு வயிற்றில் உடனிருந்தோர் என்பது பொருள். கிரேக்கரின் 'அடெல்போஸ்' என்னும் சொல்லும் ஒரே கருப்பையினர் என்றே பொருள்படும். தமிழோ வயிற்றைச் சுட்டாது, பிறப்பின் உடனிகழ்ச்சியைச் சுட்டி, 'உடன்பிறந்தார்' என்றது.

இனி, தனித்தனிச் சொற்களை நோக்குவோம். தம்பின் என்பது தம்பியாயிற்று. தம் ஐயன் தமையன். தம் அக்கை தமக்கை. தங்கை என்பதன் ஈற்றிலுள்ள 'கை' சிறுமைப் பொருட்டென்பர். முற்காலத்தில் இடத்திற்கேற்ப எம்பி, உம்பி எனவும், எங்கை, நுங்கை எனவும் வழங்கினர். இன்று தன்மை முன்னிலை வடிவங்கள் வழக்கிழந்தன. தம்பியும் தங்கையும் மூவிடத்திற்கும் பொதுவாயின.

இச்சொற்கள் ஒருவயிற்றுப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை. பெரியப்பன், சிற்றப்பன் மக்களும், பெரியம்மை, சின்னம்மை மக்களும் அண்ணன் தம்பியரே, அக்காள் தங்கையரே. அத்தை மக்களும் மாமன் மக்களுமே முறைப்பிள்ளைகள். நற்றிணை 172ஆம் பாட்டிலோ, தலைவி விளையாட்டாய்ப் புதைத்து, முளைத்தபின் நெய்யும் பாலும் பெய்து வளர்த்த புன்னை மரத்தையே அவளுக்குத் தங்கை என்கிறாள் தாய். உடன்வளர்ந்ததும் உடன்பிறப்பே எனக் கொண்ட உள்ளம் அது.

மலையகத்தார்க்கு இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னரே முடிவாயிற்று. ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன் கப்பலேறத் தம்பி தோட்டத்திலேயே தங்கிய குடும்பங்கள் பல. கடிதம் நின்றது, பின் முகவரியும் மறைந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் எதிர்ப்பட்டாலும் தம்முள் என்ன முறை என்றறியார்.

ஆதலின் மாணவர்காள்! பாட்டன் பாட்டியர் உள்ளபோதே அவர்தம் உடன்பிறந்தார் பெயரையும், சென்று தங்கிய ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லின் பொருளை அகராதி காக்கும்; அச்சொல்லுக்கு உரியவரை நாமே காத்தல் வேண்டும்.