இலவச விபிஎன் கேட்கும் விலை

2018 மார்ச்சில் திகன வன்முறையை அடுத்து பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னும் அப்படியே. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்தால் யாழ் சோனகதெருவிலும் புத்தளத்திலுமாகப் பிரிந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. கிடைத்த இலவச விபிஎன் செயலியைப் பலரும் இறக்கிக்கொண்டார்கள்.

அதை அழுத்தியதும் தொலைபேசி எங்கோ உள்ள சேர்வர் ஒன்றை அழைத்து, தனக்குத் தெரிந்த மறைகுறியாக்க முறைகளைச் சொல்கிறது. சேர்வர் ஒன்றைத் தெரிவுசெய்து, பெரும்பாலும் தனது சான்றிதழையும் நீட்டுகிறது. பெயர் சரியா, காலாவதியானதா, கையொப்பமிட்ட அமைப்பு தனது நம்பிக்கைப் பட்டியலில் உள்ளதா என்று தொலைபேசி பார்க்கிறது. பின்னர் இரு தரப்பும் சேர்ந்து ஒரு இரகசியத் திறப்பை உருவாக்குகின்றன. விசித்திரம் என்னவென்றால், அந்தத் திறப்பு இணைய வழியே பயணிப்பதேயில்லை. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு எதுவும் விளங்காது.

ஆனால் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைத்தான் சான்றிதழ் சொல்லும், நல்லவரா என்பதையல்ல. நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை இதுவரை உங்கள் தொலைபேசி நிறுவனம் பார்த்தது. இனி முகம் தெரியாத விபிஎன்காரர் பார்ப்பார். வட்ஸ்அப் செய்தியை அவராலும் வாசிக்க முடியாது, அதற்குத் தனிப் பூட்டு உண்டு. புதிய சான்றிதழொன்றை நிறுவச் சொல்லும் செயலியை உடனே அழித்துவிடுங்கள். சம்மதித்தால் அந்த நம்பிக்கைப் பட்டியலில் அவரும் சேர்ந்துவிடுவார். பிறகு உங்கள் வங்கிப் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம்.