படிக்கப் போக ஏன் காணியை ஈடு வைக்க வேண்டும்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கொக்குவில் ஆடியபாதம் வீதியில்தான் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைக்குச் சைக்கிளில் போகிற தூரம். ஆனால் உள்ளே போக உயர்தரத்தில் இசற் புள்ளி வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கிற கெட்டிக்காரப் பிள்ளை வெளிநாட்டைப் பார்க்கிறது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோதும் இங்கே நடந்தது இதுதான்.

அந்தக் கதவும் இப்போது ஒடுங்கிவிட்டது. கனடா 2024இல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை 10,000 டொலரிலிருந்து 20,635 ஆகி, 2025 செப்டெம்பரில் 22,895 ஆனது. இலங்கைப் பணத்தில் 45 இலட்சத்தைத் தாண்டும். முதலாண்டுக் கட்டணமும் பயணச் செலவும் வேறு. அவுஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2024இல் 710 டொலரிலிருந்து 1,600 ஆகி, பின்னர் 2,000 ஆனது. 2022இல் ரூபா சரிந்ததால் சேமித்த காசின் பெறுமதியும் போனது. இந்தச் செலவுகளுக்குத்தான் நகை அடைவுக்குப் போகிறது, காணி உறுதி ஈட்டுக்குப் போகிறது.

கனடாவின் சட்டத்தைக் கொழும்பு மாற்ற முடியாது. ஆனால் தன் கையில் உள்ளதைச் செய்யலாம். அரசின் வட்டியில்லா மாணவர் கடன், உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கானது. தகுதியான வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவருக்கும் அதை விரிக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்புகிற முகவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டும். படிக்க அனுப்பக் காசு வாங்குகிறவரையும் அதேபோல் கட்டுப்படுத்த வேண்டும். ஏமாந்த குடும்பத்துக்குக் காசு மட்டுமல்ல, பிள்ளையின் வயதும் போய்விடுகிறது.

கடன்படாத வழியும் ஒன்று உண்டு. இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் இலங்கை மாணவரின் பட்டப்படிப்புக்குக் கட்டணத்தோடு மாதப்படியும் தருகிறது. மருத்துவம் அதில் சேராது. தொடர்புகொள்ள யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. விண்ணப்ப அறிவித்தல் வந்தவுடன் வலயக் கல்வி அலுவலகங்கள் அதை ஒவ்வொரு உயர்தர வகுப்புக்கும் தமிழில் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவம் படிக்க வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொன்று. திரும்பி வந்து இங்கே வைத்தியராகப் பணியாற்ற, இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்க வேண்டும். சபையின் பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன்பே பெற்றோர் சபையின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அது எளிய தமிழில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை.